கடைமடை நாய்

என் வீட்டு நாய்கள் இரண்டும் ஒரு ரப்பர் வாத்தை முறை வைத்துத்தான் கடிக்க வேண்டும் என்று பஞ்சாயத்து உத்தரவிட்டபோது நான் மறுத்து எதுவும் பேசவில்லை. அந்த மாதங்களில் யார் எதைச் சொன்னாலும் சரிங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்னால் சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.

நாய்களை வளர்த்தது என் மனைவி அனுப்பிரியா. பவுனு அவளோடு பொள்ளாச்சியிலிருந்து வந்தது. சீர் சாமான் ஏற்றிய வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. இன்னொன்று வாளையார் செக்போஸ்டில் லாரிக்கு அடியில் கிடந்த குட்டி. சேலையில் சுற்றி எடுத்து வந்து லோடு என்று பேர் வைத்தாள். அவள் இருந்தவரை இரண்டும் ஒரே சாக்கில் படுத்துக்கொண்டன. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான் சண்டை தொடங்கியது.

சோற்றுக்கு இல்லை. படுக்கிற இடத்துக்கும் இல்லை. வாத்துக்கு. மஞ்சள் ரப்பர் வாத்து, அழுத்தினால் கீச்சென்று கத்தும்.

சண்டையை விட அதற்கு முந்தின அமைதிதான் பயம். பவுனு வாத்தைத் தாடைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கும். வாசலைக் கடந்து போகிற லோடு பாதியில் நிற்கும். இரண்டு வாலும் அசையாது. பவுனுவின் கண்ணில் வெள்ளை தெரியும். நான் சமையலறையில் இருந்தாலும் அந்த அமைதி என் முதுகுக்குத் தெரியும். பிறகு வாத்து ஒரு முறை கத்தும். அதற்கப்புறம் எது பவுனு, எது லோடு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஒரு நாள் கையை நடுவில் விட்டேன். விடக்கூடாது என்று இப்போது தெரியும். உள்ளங்கையில் பல் இறங்கி மறுபக்கம் வந்தது.

சுகாதார நிலையத்தில் ஊசி போட்ட நர்ஸ், கடித்தது யார் வீட்டு நாய் என்று கேட்டார். என் வீட்டு நாய் என்றேன். எந்த நாய் என்றார். இரண்டில் ஒன்று, தெரியவில்லை என்றேன். அப்படி எழுதுவதற்கு இடமில்லை என்று இரண்டுமே கடித்ததாகப் போட்டுக்கொண்டார். அந்தத் தகவல் பஞ்சாயத்துக்குப் போனது.

எல்லை தாண்டி மலையாளப் பக்கம் இருக்கிற எங்கள் பஞ்சாயத்தில் அப்போதுதான் பலநாய் வீட்டு சௌஹார்த சமிதி என்று ஒன்று தொடங்கியிருந்தார்கள். சௌஹார்தம் என்றால் இணக்கம். ஊரில் அந்தச் சொல் யார் வாயிலும் நுழையாததால் நாய்க் கமிட்டி என்றார்கள். குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கிய சமிதிக்கு ஒரு வழக்குகூட வரவில்லை. ஊரில் நாய்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே வீட்டில் லைசென்ஸ் பெற்ற இரண்டு நாய்கள் என் வீட்டில் மட்டும்தான் இருந்தன. அனுப்பிரியா முறைப்படி பதிவு செய்திருந்தாள். வேறு யாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை.

சமிதி மொத்தமாக வந்தது. தலைவர் மோகனசுந்தரம் சித்தூர்ப் பக்கத்துக்காரர். நல்ல வெள்ளை வேட்டி. வார்டு மெம்பர் பூவாத்தாள், எங்கள் ஊர்க்காரர். எழுதுவதற்குக் கிளார்க் ரிஜோ. மோகனசுந்தரத்துக்கு நாய்களைப் பற்றி எதுவும் தெரியாது என்பதை அவரே பெருமையாகச் சொன்னார். தெரிந்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவாராம். அவர் நீண்ட காலம் வாய்க்கால் பாசனக் கமிட்டித் தலைவராக இருந்தவர். இந்தப் பக்கத்தில் சண்டை என்றால் தண்ணீர்ச் சண்டைதான். தீர்வு என்றால் முறைத்தண்ணீர்தான். இன்னாருக்கு இந்தப் பொழுது, அடுத்தவருக்கு அடுத்த பொழுது என்று மடை மாற்றிக் கொடுப்பது. அதைத் தவிர வேறு தீர்வை அவர் பார்த்ததில்லை.

"தண்ணிக்கு மம்பட்டி எடுத்து வெட்டிக்கிட்ட ஆளுகளையே நாங்க அடக்கி வெச்சிருக்கறோம் தம்பி" என்றார். "நாயி எம்மாத்திரம்."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தேன். வாத்தை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டால் சண்டை வருவதில்லை. அனுப்பிரியா அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். சாமானை ஒதுங்க வைக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு மற்றதுக்குக் கொடுக்கலாம்.

மோகனசுந்தரம் பொறுமையாகக் கேட்டார். அணையை மூடி வைத்தால் சண்டை வராதுதான், ஆனால் அதற்கு நிர்வாகம் என்று பேர் இல்லை என்றார். கதவைச் சாத்துகிற யோசனையைக் கேட்டதும் முகம் மாறியது.

"அப்ப உள்ளார இருக்கறதுக்கு வெளிய என்ன நடந்துச்சுன்னு எப்படித் தெரியும்? நாளைக்கு அது நம்மளை நம்புமா?"

வாய்க்காலில் மடை மாற்றும்போது அடுத்த முறைக்காரர் கரையில் நின்று கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் திருடிவிட்டார்கள் என்பார். அதுதான் வழக்கம். அதன்படி, ஒரு நாய் வாத்தைக் கடிக்கும்போது மற்ற நாய் எதிரில் நின்று பார்க்க வேண்டும் என்று உத்தரவானது. வெயில் ஏறும்வரை பவுனு, ஏறிய பிறகு லோடு. பவுனு மூத்ததால் தலைமடை. லோடு கடைமடை. என்னை லஸ்கராக நியமித்தார்கள். வாய்க்காலில் மடை திறக்கிற ஆளை அப்படித்தான் சொல்வது. கழுத்தில் ஒரு விசிலும் மாட்டிவிட்டார்கள்.

இணக்கம் வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். ரிஜோ தலையைத் தூக்காமல் சொன்னான்: ஒரு நாய் அபயகேந்திரத்துக்குப் போகும்.

அபயகேந்திரம் என்கிற அந்த நாய்க் காப்பகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பழைய உரக் கிடங்குக்குப் பின்னால். அங்கே போன நாயை யாரும் மறுபடி பார்த்ததில்லை.

முதல் முறைக்குப் பூவாத்தாள் பார்வையாளராக வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றார். வாத்து பவுனுவிடம் இருந்தது. லோடுவைச் சங்கிலியில் கட்டி எதிரில் நிறுத்தினேன், பார்ப்பதற்காக. லோடு பார்த்தது. பவுனு தான் பார்க்கப்படுவதைப் பார்த்தது. விசிலை வாயில் வைத்துக்கொண்டேன். வெயில் ஏறிவிட்டது தம்பி, ஊதுங்க என்றார் பூவாத்தாள். ஊதினேன். சங்கிலி அறுந்தது.

ஈரச் சாக்கைத் தூக்கி இரண்டின் மேலும் போட்டுத்தான் பிரிக்க முடிந்தது. பவுனுவின் காது கிழிந்து தொங்கியது. பூவாத்தாள் கல்லை விட்டு இறங்கவில்லை. என்னால் அவருக்குக் கை கொடுக்கவும் முடியவில்லை. இரண்டு கையும் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தன.

முறை மாற்றம் நடைபெற்றது, சிறிது ஓசை கேட்டது என்று அறிக்கை போனது.

சமிதி கூடிக் காரணத்தைக் கண்டுபிடித்தது. கடைமடைக்காரர்கள் எப்போதுமே இப்படித்தான், தண்ணீர் வந்து சேருவதற்குள் வாய்க்காலை வெட்டுவார்கள் என்றார் மோகனசுந்தரம். லோடு மேல் அத்துமீறல் நோட்டீஸ் வந்தது. மலையாளத்தில் இருந்தது. சம்பந்தப்பட்டவரிடம் நேரில் கொடுக்க வேண்டும் என்பது விதி. ரிஜோ வாசலில் குந்தி உட்கார்ந்து முழு நோட்டீஸையும் லோடுவிடம் வாசித்தான். அதில் லோடுவுக்கும் பவுனுவுக்கும் குணபோக்தாக்கள் என்று பேர். அரசாங்கத்தால் பயன் பெறுகிறவர்கள் என்று அர்த்தம். ரிஜோவின் சட்டைப்பையில் பிஸ்கட் இருந்திருக்க வேண்டும், லோடு வாலை ஆட்டியது. குணபோக்தா உள்ளடக்கத்தை ஏற்றுக்கொண்டார் என்று எழுதி, முன்னங்காலை மையில் தொட்டுப் பதிந்துகொண்டு போனான். வாசலெல்லாம் நீல நிறக் கால் தடம்.

அடுத்த கூட்டத்தில் யாரோ, ஒரு வாய்க்கால் போதாவிட்டால் இன்னொரு வாய்க்கால் வெட்டலாமே என்றிருக்கிறார்கள். அதே மாதிரி மஞ்சளில் இன்னொரு வாத்து வந்தது. இரண்டு நாய்க்கும் ஆளுக்கொன்று. இரண்டும் தன்னிடம் இருந்ததைக் கீழே போட்டுவிட்டு மற்றதிடம் இருந்ததற்குப் பாய்ந்தன. அன்று லோடுவின் கண் வீங்கி மூடிக்கொண்டது. கண் போய்விட்டது என்றே நினைத்தேன். மஞ்சள்பொடியும் ரத்தமுமாக அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பவுனு கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது கேட்டது.

அந்த நாட்களில் நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன். வீடு அமைதியானால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். பல தடவை அவை சும்மா தூங்கிக்கொண்டிருந்தன.

யாருக்கும் சொல்லாமல் இரண்டு வாத்தையும் அலமாரி மேல் போட்டேன். சண்டை நின்றது. காது ஆறியது. கண் திறந்தது. இரண்டும் மறுபடி ஒரே சாக்கில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டன. பயப்படாமல் மூச்சு விட்டது அந்த நாட்களில்தான்.

பூவாத்தாள் வந்து வாத்து எங்கே என்று கேட்டார். மேலே காட்டினேன். அவர் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனுஷி இல்லை. அனுப்பிரியா போன அன்று முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தார், சமைத்துப் போட்டார்.

"எனக்கு மட்டும் ஆசையா கண்ணு? சண்டை இல்லைன்னு எழுதிக் குடுத்தா எப்படி இல்லைன்னு கேக்கறாங்க. முறை வெச்சதால இல்லையா, வெக்காததால இல்லையான்னு அவிகளுக்குத் தெரியோணுமாம்."

அது நல்ல கேள்வி என்று நானும் நினைத்தேன். பதிலும் என்னிடம் இருந்தது. அதைக் கேட்கத்தான் யாரும் இல்லை. வாத்தைப் பதுக்கியதாக எனக்கு நோட்டீஸ் வந்தது; கொண்டுவந்த ரிஜோ இரண்டு வாத்தையும் சாட்சிக்கு எடுத்துப்போனான். அணைத் தண்ணீரைப் பதுக்குகிறவருக்கு என்ன தண்டனையோ அதே வாசகம். விசாரணைக்கு இரண்டு நாய்களோடும் பஞ்சாயத்து ஹாலுக்கு வரச் சொன்னார்கள்.

ஆட்டோவில் லோடுவை முன்னால் வைத்து, பவுனுவை என் காலுக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு போனேன். ஹாலில் கூட்டம். சமிதியின் முதல் விசாரணை என்பதால் மைக் கட்டியிருந்தார்கள். மேஜை மேல் இரண்டு வாத்தும் வெள்ளைத் துணியில் வைக்கப்பட்டிருந்தன. நாய்கள் அதைப் பார்த்துவிட்டன. இரண்டு கழுத்துப்பட்டையும் என் இரண்டு கையில். அந்த அமைதி ஆரம்பித்துவிட்டது. எனக்கு மட்டும்தான் அது கேட்டது. அடுத்த நிமிஷம் இத்தனை பேர் நடுவில் ஒன்று மற்றதன் தொண்டையைப் பிடிக்கும், கையிரண்டும் மாட்டியிருக்கும்போது என்னால் சாக்குகூட எடுக்க முடியாது என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

மோகனசுந்தரம் பேசினார். "சண்டை நடந்தது சமிதியின் தோல்வி என்று சிலர் பேசுகிறார்கள். நான் கேட்கிறேன், சண்டை இல்லாவிட்டால் சமிதி எதற்கு? இந்தப் பிரச்னை இருக்கிறவரை நாங்கள் இருப்போம். நாங்கள் இருக்கிறவரை இந்தப் பிரச்னையை விடமாட்டோம்."

கை தட்டினார்கள். கை தட்டலில் நாய்கள் மிரண்டு என் காலுக்குள் ஒடுங்கின. அதனால்தான் அன்று யாரும் கடிபடவில்லை. கட்டுப்பாடு தெரிகிறது, ஆனால் சமிதியின் முன்னிலையில் மட்டும் தெரிகிறது என்று ரிஜோ குறித்துக்கொண்டான்.

தீர்ப்பு: கொள்ளளவுக்கு மேல் குணபோக்தாக்கள் இருப்பதால் ஒருவரை அபயகேந்திரத்துக்கு மாற்ற வேண்டும். யார் என்பதை நானே எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டாயப்படுத்துவது சௌஹார்தத்துக்கு விரோதமானது என்பதால் அந்த உரிமையை எனக்கே விட்டுவிட்டார்களாம்.

திரும்பும் வழியில் உரக் கிடங்குக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். தகரத் தடுப்பு. உள்ளே குட்டையான சங்கிலிகள் மட்டும் சுவரில் வரிசையாக ஆணியடித்து இருந்தன. மண்ணில் நகத்தால் தோண்டிய குழிகள், சங்கிலி எட்டுகிற தூரம் வரை. நாய் ஒன்றுகூட இல்லை. காவலுக்கு இருந்தவரிடம் அவையெல்லாம் எங்கே என்று கேட்டேன். இணக்கமாகிவிட்டன என்றார். பவுனுவும் லோடுவும் ஆட்டோவிலிருந்து இறங்க மாட்டேன் என்று சீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

எழுதிக் கொடுக்கக் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பவுனு என்று எழுத முடியவில்லை. லோடு என்று எழுத முடியவில்லை. வெறும் காகிதத்தோடு ஆபீசுக்குப் போனேன். என்னையும் எழுதலாமா என்று ரிஜோவிடம் கேட்டேன். கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவன் காகிதத்தைப் பார்த்தான், என் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தான், எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தான்.

"சேட்டா, ஒண்ணு செத்துப் போச்சுன்னு எழுதித் தரணும். அத்ரயே உள்ளு, அவ்வளவுதான். செத்ததைக் கேந்திரத்துக்குக் கொண்டுபோக முடியாது."

உடம்பைப் பார்க்க மாட்டார்களா என்று கேட்டேன். உயிரோடு இருக்கும்போதே யாரும் பார்க்கவில்லையே என்றான்.

வயதைப் பார்த்து, பவுனு இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது பவுனு என்ற சொல்லுக்கு அடுத்து இறந்துவிட்டது என்று எழுத வேண்டியிருந்தது. அந்த ஒரு வார்த்தையில் கை நின்றுவிட்டது; அனுப்பிரியாவுக்கு அதை நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. ரிஜோதான் பேனாவைப் பிடித்துத் தள்ளினான். நான் உட்கார்ந்திருக்கும்போதே சீல் வைத்து வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து பவுனு உள்ளேயே இருந்தது. வெளியே விடப் பயம். குரைத்தால் வாயைப் பொத்தினேன். சைக்கிள் மணி கேட்டால் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். லோடு வாசலில், பவுனு உள்ளே. சண்டை அறவே இல்லை. ஆனால் ஒரு தடவை அது தூக்கத்தில் குரைத்ததற்குக்கூட நான் கும்பிடாத சாமி இல்லை.

ஆனால் சமிதிக்கு இரங்கல் தெரிவிக்கிற கடமை இருந்தது. எனக்கு அது தோன்றவில்லை.

ஒரு நாள் காலையில் ஜீப் வந்து நின்றது. பவுனுவைக் கழுத்தைப் பிடித்து இழுத்துச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று பார்ப்பதற்குள் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். மோகனசுந்தரம், பூவாத்தாள், ரிஜோ, போட்டோ எடுக்க ஒருவர். மலர்வளையம் இருந்தது. அதில் பவுனுவின் பேரையும் எழுதியிருந்தார்கள். ரிஜோ என்னைப் பார்க்கவில்லை.

பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டேன். மோகனசுந்தரம் உட்கார்ந்து பேசினார். தலைமடையில் இருந்தும் ஒரு நாள்கூடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளாதவர் என்றார். அன்னாரின் இழப்பு சமிதிக்கு ஈடு செய்ய முடியாதது என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது என்றார். சமையலறைக் கதவுக்குக் கீழே ஒரு மூக்கு வந்து மோப்பம் பிடிப்பது எனக்குத் தெரிந்தது. நான் கதவுக்கு முன்னால் நகர்ந்து நின்றேன். வேர்வை கண்ணில் இறங்கியது. நான் அழுகிறேன் என்று நினைத்து போட்டோக்காரர் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

கடைசியாக மோகனசுந்தரம், துணையை இழந்து வாடும் குணபோக்தாவுக்குச் சமிதியின் அன்பளிப்பு என்று சொல்லிப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். புது வாத்து. பெரியது. லோடு எழுந்து நின்றது. வேண்டாங்க என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. போட்டோவுக்காக அவர் அதைத் தூக்கிப் பிடித்து அழுத்தினார்.

கீச்சென்றது.

வீடு அமைதியானது. உள்ளே நகம் தரையில் சறுக்குகிற சத்தம். பிறகு கதவு என் முதுகில் மோதித் தாழ்ப்பாள் தெறித்தது.

பவுனு என் காலுக்கிடையில் புகுந்து வெளியே வந்தது. வாத்து கீழே விழுந்தது. லோடு அதன் மேல் விழுந்தது, பவுனு லோடுவின் மேல் விழுந்தது. மோகனசுந்தரம் கட்டில் மேல் ஏறினார். வளையத்திலிருந்த பூவெல்லாம் பறந்தது. ஈரச் சாக்கு வாசலில் இருந்தது, எட்டவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி இரண்டுக்கும் நடுவில் செருகினேன். நாற்காலிக் காலைக் கடித்துக்கொண்டு லோடு பின்னால் போனது. அந்த இடைவெளியில் நாற்காலியோடு சேர்த்து பவுனுவைச் சமையலறைக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றேன். வாத்து நடுவீட்டில் பல்லடையாளத்தோடு கிடந்து காற்றை இழுத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டையுமே கொண்டுபோவார்கள். குட்டைச் சங்கிலிகள் ஞாபகம் வந்தன.

மோகனசுந்தரம் கட்டில் மேலிருந்து கதவைப் பார்த்தார், லோடுவைப் பார்த்தார். ரிஜோவிடம் மெல்லிய குரலில், இந்த வீட்டில் எத்தனை நாய் என்று கேட்டார்.

"ரிக்கார்டுப்படி ஒண்ணுதான் சார்" என்றான் ரிஜோ.

அவர் யோசித்தார். நிறைவேறிய இரங்கல் தீர்மானத்தைத் திரும்பப் பெற இதுவரை வழி ஏற்படவில்லை. ஏகமனதான தீர்மானம் வேறு. மெதுவாக ஒரு காலைக் கீழே வைத்தார்.

"பாவமுங்க" என்றார். "துக்கம் தாங்காம தன்னையே கடிச்சுக்குது."

ரிஜோ எழுதிக்கொண்டான். போட்டோக்காரர் லோடுவை மட்டும் ஒரு படம் எடுத்தார்.

பிறகு மோகனசுந்தரம் வேட்டியைச் சரி செய்துகொண்டு, சிதறிய பூவுக்கு நடுவில் நின்று, இந்த வீட்டை பஞ்சாயத்தின் முதல் சௌஹார்த வீடாக அறிவித்தார். ஒரு நாய் மட்டும் இருக்கிற வீட்டில் நாய்ச் சண்டைக்கு இடமில்லை என்பதால் வழக்கு முடிந்தது என்றார். ரிஜோ நீட்டிய காகிதத்திலிருந்து உரக்க வாசித்தார்.

"இவ்வீட்டில் வசிப்போர்: பூபதிராஜா. மனைவி அனுப்பிரியா. நாய் ஒன்று. சச்சரவு எதுவும் இல்லை."

பூவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரிதானுங்களே தம்பி?" என்று மோகனசுந்தரம் கேட்டார்.

முதுகுக்குப் பின்னால் பவுனு கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. நான் கதவை விட்டு நகரவில்லை.

"சரிதானுங்க" என்றேன்.